கொழுந்து மடுவத்தில் ஒரு 'ஏய்'

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு வாசகர் ஏழு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. தேயிலைத் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தர். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்தவர், அம்மா கொழுந்து பறித்த காசில் படித்தவர். இப்போது மனைவியோடும் பத்து வயது மகளோடும் தோட்டத்துக் குவாட்டர்ஸில் இருக்கிறார். மகள் இந்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறாள். போன மாதம் ஒருநாள் மேலதிக வகுப்பு முடிந்து வந்த மகளை வீட்டுக்குக் கூட்டிப் போகும் வழியில், மாலை நிறுவைக்காகக் கொழுந்து மடுவத்தில் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில்) இறங்கியிருக்கிறார். தன் அம்மா வயதுள்ள ஒரு பெண்ணின் கொழுந்தைக் கிளறிப் பார்த்தவர், "ஏய், முற்றலைப் பறித்துப் போட்டு நிறை கூட்டப் பார்க்கிறாயா?" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். மூன்று கிலோவைக் கழித்ததில் அந்தப் பெண்ணின் நிறை 18 கிலோவுக்குக் கீழே போக, அரைப்பேர் போட்டுவிட்டார். (மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக: தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்பது ஒரு 'பேர்'. அரைப்பேர் என்றால் அன்றைக்குப் பாதிச் சம்பளம். முற்றல் என்பது முதிர்ந்த இலை.) அந்தப் பெண் பதில் பேசவில்லை. வெறுங்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் திரும்பிய அதே நேரத்தில் வாசகரின் தொலைபேசி அடித்திருக்கிறது. அழைத்தவர் துரை, அதாவது தோட்ட முகாமையாளர். "சரி சேர், இதோ முடிந்துவிட்டது சேர், லொறியை அனுப்புகிறேன் சேர்."

மூன்று வாரங்களுக்குப் பின், வீட்டுக்கு விறகு கொத்த வரும் முதியவரைப் பார்த்து மகள், "ஏய், அங்கே போடாதே" என்றிருக்கிறாள். இவர் ஓடிப்போய் அவள் கன்னத்தில் அறைந்துவிட்டு, பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று கேட்டிருக்கிறார். மகள் விழித்துக்கொண்டு நின்றுவிட்டு, "அவர் சேர் இல்லையே அப்பா?" என்றாளாம்.

அன்றிலிருந்து உறக்கம் இல்லை என்று எழுதுகிறார். 'அம்மா எங்களை அவ்வளவு ஒழுக்கமாக வளர்த்தார். அதெல்லாம் எங்கே போயிற்று? வேலைப் பளுவில் மனிதன் சின்ன வயதில் படித்த மரியாதையை மறந்துவிடுவானா? அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். கேட்டால் நாளைக்கு மலையில் யார் என் சொல்லைக் கேட்பார்கள்? சங்கம், விசாரணை என்று போனால் என் வேலை என்ன ஆகும்? மகளை எப்படித் திருத்துவது?' இவைதான் அவருடைய கேள்விகள்.

உங்களைத் தம்பி என்று அழைக்கும் வயது எனக்கு இருக்கிறது. கடிதமே விளிப்பைப் பற்றியது என்பதால் அந்த உரிமையை எடுத்துக்கொள்ளாமல், நீங்கள் என்றே எழுதுகிறேன்.

மறதி என்ற சொல்

கடிதத்தில் 'மறந்துவிட்டேன்' என்ற சொல்லை ஒன்பது இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். அதை முதலில் எடுத்து வைத்துவிடுவோம். நீச்சல் மறந்தவன் ஆற்றில் மூழ்கிவிட்டுக் குளத்தில் மட்டும் மிதக்க மாட்டான். நீங்கள் மரியாதையை மறந்திருந்தால் துரையிடமும் மறந்திருப்பீர்கள். அரை நிமிட இடைவெளியில் அதே வாயிலிருந்து மூன்று 'சேர்' தடங்கலில்லாமல் வந்திருக்கிறது. உங்கள் மகள் பார்த்தது இதைத்தான்.

வேலைப் பளு என்று நீங்கள் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. கொழுந்து கூடும் காலம், லொறி நிற்கிறது, ஸ்டோரிலிருந்து (தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து) அழைப்பு வந்தபடி இருக்கிறது. அவசரம் மனிதரை என்ன செய்யும் என்பதற்கு உளவியலில் பேர்போன ஒரு சோதனை உண்டு. 1973இல் ஜோன் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்து நடத்தியது. மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். பிந்திவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம். கையில் கதையை வைத்துக்கொண்டே கிடந்தவரைக் கடந்து போனவர்களும் இருந்தார்கள். படித்தது அவர்கள் தலையைவிட்டு எங்கும் போய்விடவில்லை. அவசரத்தில் அதை எட்டி எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அவசரம் உங்கள் பக்கத்துச் சாட்சி. ஆனால் அரைச் சாட்சி. அதே அவசரத்தில்தானே துரைக்குச் 'சேர்' வந்தது? அவசரம் எல்லா மரியாதையையும் ஒன்றாக அடித்துக்கொண்டு போவதில்லை. கொடுக்காவிட்டால் நட்டம் வராத இடத்திலிருந்துதான் முதலில் பிடுங்குகிறது. இதை உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. நானும் லயத்தில் பிறந்தவள். ஹட்டன் பஸ்ஸில் நடத்துநரிடம் "மிச்சக் காசு எங்கே?" என்று அதட்டிவிட்டு, பத்து நிமிடம் கழித்து வங்கி முகாமையாளர் முன்னால் கைகட்டாத குறையாக உட்கார்ந்திருந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அதை நான் கவனித்ததே அன்று மாலைதான்.

அம்மா சொல்லிக் கொடுத்தது

உங்கள் அம்மா கற்றுக் கொடுத்த நல்ல பழக்கங்களை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். திரும்பத் திரும்ப வாசித்தேன். பொதுத் தண்ணீர்ப் பீலியில் தன் முறை வரும்வரை குடத்தை நகர்த்தக் கூடாது. பக்கத்துக் காம்பராவில் (லய அறையில்) சுகமில்லாதவர் இருந்தால் ரேடியோவைத் தணிக்க வேண்டும். சீனி வாங்கிய கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. லயத்தில் பெரியவர்கள் யாராக இருந்தாலும் மாமா, பெரியம்மா, தாத்தா என்று முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். துரை வந்தால் குடையை மடக்க வேண்டும். கணக்கப்பிள்ளை ஐயா பேசும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது. அலுவலகத்துக்குப் போனால் செருப்பை வாசலுக்கு வெளியே விட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே 'மரியாதை' என்று ஒரே தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். எனக்கோ இது இரண்டு பட்டியல் ஒன்றாகக் கலந்ததுபோல் தெரிகிறது. முதல் நான்கும் ஒரே சுவரைப் பங்குபோட்டு வாழ்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டவை. மெல்லிய தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமுவதும் அழுவதும் கேட்கிற வீட்டில், அடுத்தவர் இருக்கிறார் என்ற நினைப்பு இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. பின் மூன்றும் பயம். அம்மாவைக் குறை சொல்லவில்லை. குடையை மடக்காவிட்டால் மறுநாள் காலைப் பெரட்டில் (வேலை பிரிக்கும் இடத்தில்) என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். பிள்ளையைக் காப்பாற்றச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு அவரிடம் இருந்த பெயரும் மரியாதைதான்.

நீங்கள் உத்தியோகத்துக்கு வந்தபோது முதல் பட்டியல் லயத்திலேயே நின்றுவிட்டது. குவாட்டர்ஸில் பீலி வரிசை இல்லை, பொதுச்சுவர் இல்லை, கோப்பையும் திரும்பி வருவதில்லை. இரண்டாம் பட்டியல் உங்களோடு வந்தது. முன்பு நீங்கள் குடையை மடக்கினீர்கள், இப்போது உங்களைக் கண்டு மற்றவர்கள் மடக்குகிறார்கள். பாடம் அதேதான், நிற்கும் இடம் மட்டும் மாறிவிட்டது.

'ஏய்' என்ற இந்த ஒருமை வேறெங்கும் போல வாய் தவறி வருவதன்று. வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் படிப்பதற்கென்று நூறு வருடங்களுக்கு முன்பே கைநூல்கள் அச்சிட்டார்கள். வா, போ, கொண்டு வா, சீக்கிரம் செய் என்று ஏவல்களால் நிறைந்த தமிழ் அது. துரைமார் போய்விட்டார்கள், 1970களில் தோட்டங்கள் அரசிடம் வந்தன, 1992இல் மறுபடி கம்பனிகளிடம் போயின. அந்த ஏவல் மட்டும் கை மாறாமல் மடுவத்திலேயே இருக்கிறது. அதை அங்கே கொண்டு வந்தவர் நீங்கள் இல்லை. அன்று மாலை அதை எடுத்துப் பாவித்தவர் நீங்கள்.

'அதட்டாவிட்டால் வேலை நடக்காது' என்று உங்கள் சக உத்தியோகத்தர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அதட்டாமல் ஒரு வாரம் வேலை வாங்கிப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். வேறொன்றும் கேட்க வேண்டாம்.

அடைப்புக்குறிக்குள் ஒரு வரி

நான்காம் பக்கத்தின் அடியில் அடைப்புக்குறிக்குள், மையும் சற்று மங்கலாக, இப்படி எழுதியிருக்கிறீர்கள்: '(பிறகு பார்த்ததில் முற்றல் அவ்வளவு இருக்கவில்லை).'

ஏழு பக்கங்களில் மிகக் கனமான வரி இது. அதற்கு நீங்கள் கொடுத்த இடம்தான் மிகக் குறைவு. நீங்கள் 'ஏய்' என்று சொன்னதற்காக உறக்கம் கெடுகிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்தது மூன்று காரியங்கள். ஒருமையில் அழைத்தீர்கள். நிறை கூட்ட ஏமாற்றுகிறார் என்று எல்லோர் முன்னாலும் களவுப் பழி போட்டீர்கள். சம்பளத்தில் பாதியை வெட்டினீர்கள். 1,000 ரூபாய் நாட்சம்பளம் வேண்டும் என்று எத்தனை வருடங்கள் கேட்டு, 2021இல்தான் அது கைக்கு வந்தது, 2024 செப்டம்பரில் அடிப்படை 1,350 ஆனது என்ற கதையெல்லாம் செக்ரோல் (பேரையும் சம்பளத்தையும் பதியும் பதிவேடு) எழுதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் பாதி, ஒரு வாக்கியத்தில் போய்விட்டது.

இனிமேல் 'வாங்க அம்மா, போங்க அம்மா' என்று பேசிக்கொண்டே அந்த அரைப்பேரை அப்படியே விட்டுவைத்தால், அது மரியாதை ஆகாது. நேற்றுவரை சத்தமாகச் செய்த வேலையை இன்று மெதுவாகச் செய்வதாகும். ஆகவே முதல் காரியம் செக்ரோல். அந்த நாளின் பேரைத் திருத்துங்கள். உங்கள் கையெழுத்தால் மட்டும் முடியாவிட்டால் துரையிடம் போய், 'நான் தவறாகக் கழித்துவிட்டேன்' என்று உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள். எழுத்துப் பிழை, கணக்குப் பிழை என்று வேறு பெயர் வைக்க வேண்டாம்.

மன்னிப்புக் கேட்டால்

மறுநாள் காலை அந்தப் பெண் வழக்கம்போல் 'கும்பிடுகிறேன் ஐயா' என்று சொல்லிவிட்டுப் போனார், ஆகவே மனதில் வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஆறுதல் பட்டிருக்கிறீர்கள். அது ஆறுதல் படும் இடமில்லை. அன்றைக்குக் கொழுந்து பறிக்கும் மலையை அவருக்குக் கொடுப்பவரும் நீங்கள், மாலையில் தராசுப் பக்கம் நிற்பவரும் நீங்கள். கும்பிடாமல் போகும் வசதி அவருக்கு எங்கே இருக்கிறது?

மன்னிப்புக் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதில்தான் யோசிக்க வேண்டும். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

*எங்கே?* பழி போட்டது கொழுந்து மடுவத்தில், மற்றப் பெண்கள் முன்னால். அந்தப் பழியை எடுப்பதும் அங்கேதான் நடக்க வேண்டும். நிறுவை நேரத்தில், 'அன்றைக்கு அம்மாவின் கொழுந்தில் பிழை இல்லை, நான்தான் பிழையாகச் சொன்னேன், பேரைத் திருத்திவிட்டேன்' என்ற மூன்று துண்டு போதும். பிரசங்கம் வேண்டாம். அவரைப் பேசச் சொல்லி நிறுத்தவும் வேண்டாம்.

*யார் மூலம்?* யார் மூலமும் வேண்டாம். தொழிற்சங்கத் தலைவரை அனுப்பினால் அது சமரசப் பேச்சாகிவிடும். அவர் காம்பராவுக்கு நீங்கள் தனியாகப் போய் நின்றால், பக்கத்துக் காம்பராக்கள் எல்லாம் வேறு கதை பேசும், அந்தச் சுமையும் அவர் தலையில்தான். அரிசி, சாரி என்று கையில் எதையும் கொண்டு போகாதீர்கள்.

*அவர் மன்னிக்காவிட்டால்?* அது அவர் உரிமை. அவர் இதைச் சங்கத்துக்கோ தொழில் திணைக்களத்துக்கோ கொண்டு போவதும் அவர் உரிமைதான். மன்னிப்புக் கேட்டுவிட்டதால் முறைப்பாடு செய்யக் கூடாது என்று நீங்களோ மற்றவர்களோ ஒரு வார்த்தை சொன்னாலும், முதல் தவறைவிட அது பெரிதாகிவிடும்.

உங்கள் வேலைக்கு வரக்கூடிய ஆபத்தையும் மறைக்கவில்லை. நான் உளவளத்துணையாளர், சட்டத்தரணி இல்லை. எல்லோர் முன்னாலும் நீங்கள் ஒப்புக்கொள்வதை நாளைக்கு ஒரு விசாரணையில் யாராவது எடுத்துச் சொல்லலாம். முறைப்பாடு ஏற்கெனவே போயிருந்தால், மடுவத்தில் பேசுமுன் உங்கள் உத்தியோகத்தர் சங்கத்திடமோ ஒரு சட்டத்தரணியிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். போகாதிருந்தால், நீங்களே திருத்திய ஒரு பேர், விசாரணையில் வேறொருவர் கண்டுபிடிக்கும் அரைப்பேரைவிட உங்களுக்கு நல்லதாகவே இருக்கும் என்பது என் எண்ணம். மலையில் சொல் எடுபடாமல் போகும் என்ற பயத்துக்கு வருகிறேன். ஓரிரு வாரம் பின்னால் சிரிப்பார்கள். சிலர் உண்மையாகவே முற்றலைப் போட்டும் பார்ப்பார்கள். அப்போது முற்றலைக் காட்டி முற்றல் என்று சொல்லுங்கள், விதிப்படி கழியுங்கள். ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இலையைப் பற்றி மட்டும் பேச முடியும். உங்களுக்கு அது கடினமாக இருக்கும், ஏனென்றால் உங்களிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

மகள்

மகளைத் 'திருத்துவது' எப்படி என்று கேட்கிறீர்கள். அவள் பிழை விட்டதாக எனக்குத் தெரியவில்லை. புலமைப்பரிசில் வினாத்தாளில் சில உருவங்களைக் காட்டி, அடுத்தது எது என்று கோலத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள் அல்லவா? உங்கள் மகள் அதைத்தான் செய்தாள். துரைக்குச் சேர். கொழுந்துக்காரிக்கு ஏய். விறகு கொத்துபவர் துரை இல்லை. விடை ஏய். முழுப் புள்ளி. அதற்கு நீங்கள் ஓர் அறை கொடுத்தீர்கள்.

அந்த அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரியாதைக் குறைவாகப் பேசியதற்கு அடி என்றால், பலம் உள்ளவர் பலம் இல்லாதவரை எதுவும் செய்யலாம் என்பதை அவள் மறுபடியும் பார்க்கிறாள். அதற்கு அவளிடம் தனியாக மன்னிப்புக் கேளுங்கள். மனைவி 'விட்டுவிடுங்கள், பிள்ளை மறந்துவிடுவாள்' என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன வயதில் குடை மடக்கியதை நீங்கள் 41 வயதிலும் மறக்கவில்லையே?

மடுவத்தில் பேசும் நாளில் மகளைக் கூட்டிப் போகாதீர்கள். இந்த விடயத்தில் என்னோடு வேறுபடுபவர்கள் இருப்பார்கள். அவள் பார்த்துக் கற்கட்டும் என்பார்கள். ஆனால் அந்தப் பெண் ஒருமுறை உங்கள் கோபத்துக்கு ஆளானார், மறுமுறை உங்கள் பிள்ளை வளர்ப்புக்குப் பாடப்புத்தகம் ஆக வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் நடந்ததைச் சொல்லுங்கள். 'நான் சேராக இருப்பவர்களுக்கு மட்டும் மரியாதை கொடுத்தேன், அது பிழை' என்று அவள் சொல்லிலேயே சொல்லுங்கள். அவள் கேள்வி கேட்பாள். சிலவற்றுக்கு உங்களிடம் பதில் இருக்காது, இல்லை என்றே சொல்லலாம்.

விறகு கொத்தும் பெரியவர் விடயம் வேறு. அது அவளுடைய கடன். அவர் அடுத்த முறை வரும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், பேசுவது அவளாக இருக்கட்டும். இவ்வளவு காலமாக வீட்டுக்கு வருகிறவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்திலும் அவர் 'விறகு கொத்துபவர்' என்று மட்டும்தான் வருகிறார். அவர் பெயரைக் கேளுங்கள். தாத்தாவா, பெரியப்பாவா என்று அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

உறக்கத்தைப் பற்றி ஒரு சொல். இரவில் இரண்டு கிளாஸ் போட்டால்தான் கண் மூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழையுங்கள். கோபமும் உறக்கமின்மையும் சாராயமும் சேர்ந்த வீட்டில் அடுத்த அறை யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

உங்கள் தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் என் கைக்கு வந்தது இரண்டாம் திகதி. இந்தப் பதில் அச்சாகும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாக ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். செக்ரோல் மூடுமுன் அந்த ஒரு நாளைப் பாருங்கள்.